நித்திரையில் பல் நெருமுதல், தாடை நோவு, தலையிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். பல்லுக்கொதிக்காரருக்கு அடுத்தபடியாக என்னிடம் வருகிறவர்கள், விடிய எழும்பும்போதே தாடை உளைகிறது, தலை இடிக்கிறது என்று சொல்கிறவர்கள்தான். அவர்கள் கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். கதிரையில் இருந்து கேட்பார்கள், மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்பார்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

பல்லு நெருமுறது எண்டால் என்ன? அது ஒரு வருத்தமோ?

சாப்பிடாமல், கதைக்காமல் இருக்கும் நேரத்தில் தாடைத் தசைகள் இறுகி, பல்லைப் பல்லோடு தேய்ப்பது அல்லது கடித்துப் பிடிப்பது. மருத்துவத்தில் புரக்ஸிசம் என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. நித்திரையில் நெருமுவது ஒன்று. பகலில் விழித்திருக்கும்போதே தன்னை அறியாமல் இறுக்கிக் கடிப்பது மற்றது. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதல் வகை இருக்கிறது. இரண்டாவது அதைவிடக் கூட.

எல்லாருக்கும் இது வருத்தம் ஆகாது. எப்போதாவது நெருமுகிறவருக்கு நோவும் இல்லை, பல்லும் தேயவில்லை என்றால் வைத்தியமே வேண்டாம். தாடை நோவு, தலையிடி, பல் தேய்வு, பல் வெடிப்பு என்று தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

மனிசி சொல்லுறா நான் இரவிலை பல்லு நெருமுறனாம். எனக்கு ஒண்டும் தெரியேல்லையே. உண்மையாய் இருக்குமோ?

அவரை நம்புங்கள். நித்திரையின் நடுவே மூளை சில விநாடிகள் மட்டும் விழிப்புக்குக் கிட்ட வந்து போகும். இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், அதையொட்டித் தாடைத் தசைகள் இறுகும். முழுதாக விழிப்பு வராதபடியால் உங்களுக்கு நினைவு இருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் கல்லில் கல் உரசுவது போலக் கேட்கும்.

சத்தம் இல்லாவிட்டால் நெருமவில்லை என்றும் சொல்ல முடியாது. அசைக்காமல் இறுக்கிக் கடித்துப் பிடிக்கிறவர்களிடம் சத்தமே வராது. கண்ணாடி முன் நின்று பாருங்கள். நாக்கின் ஓரத்தில் பல்லுப் பதிந்த நெளிவுகள் இருக்கிறதா? கன்னத்தின் உட்புறத்தில் பல்லுக் கூடும் மட்டத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா? முன்பல்லின் நுனி மட்டமாகித் தட்டையாய் இருக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் சந்தேகப்படலாம்.

தலையிடிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? கண் டொக்டரிட்டையும் காட்டிப்போட்டன், கண்ணாடியும் மாத்திப்போட்டன்.

இரண்டு கையின் விரல்களையும் நெற்றிப்பொட்டில் வைத்து, பல்லை இறுக்கிக் கடித்து விடுங்கள். விரலுக்குக் கீழே ஒன்று புடைத்து அடங்கும். அதுவும் தாடைத் தசைதான். தலையின் பக்கவாட்டில் விசிறி போல விரிந்து, கன்ன எலும்புக்கு உள்ளால் இறங்கிக் கீழ்த்தாடையில் பிடித்துக்கொள்கிறது. இரவிரவாக அது வேலை செய்தால் விடியத் தலையிடி வராமல் என்ன செய்யும்?

அண்மையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை வந்திருந்தாள். பல்லில் ஒரு புள்ளி சொத்தை இல்லை. கன்னத்தில் விரலை வைத்து "கடியுங்கோ பிள்ளை" என்றேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி திரண்டு எழும்பியது. அந்த இடத்தை மெல்ல அழுத்தியதும் கண் கலங்கி, "இதுதான் டொக்டர், இந்த நோதான் தலைக்குப் போறது" என்றாள். மூன்று மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த தலையிடி என் விரலுக்குக் கீழே இருந்தது.

பல் நெருமுவதால் வரும் தலையிடி பெரும்பாலும் விடியலில் கூடி, இரண்டு பக்கமும் பட்டி கட்டி இறுக்கியது போல உளையும். துடிதுடித்து, ஓங்காளத்தோடு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பக்கமாக வந்தால் அது ஒற்றைத் தலையிடியாக இருக்கலாம். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

காதுக்குள்ளை குத்துது. காது டொக்டர் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். காது ஓட்டைக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைவது தாடை மூட்டு. காதுக்கும் அதற்கும் இடையில் மெல்லிய எலும்புச் சுவர்தான். மூட்டு நொந்தால் காது நோகிறது என்றே மூளை எடுத்துக்கொள்ளும். காது அடைத்தது போலவும், இரைவது போலவும் சிலருக்கு இருக்கும். காதைப் பரிசோதித்த பிறகு பல் வைத்தியரிடம் வருவது நல்ல ஒழுங்குதான்.

கொடுப்புப் பல்லு கொதிக்குது. பிடுங்கிவிடுங்கோ, நிம்மதியாய் இருக்கலாம்.

இதற்குத்தான் நான் எப்போதும் தடுத்து நிற்கிறேன். கன்னத் தசையில் வரும் நோவு கொடுப்புப் பல்லில் நோவது போலவே தெரியும். நான் பல்கலைக்கழகத்துக்குப் போக முன்னம் என் அம்மாவுக்கு அடுத்தடுத்து இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கினார்கள். நோவு நிற்கவில்லை. மூன்றாவதையும் பிடுங்கக் கேட்டுப் போனபோதுதான் வேறு ஒருவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துத் தசை என்று சொன்னார். போன பல்லு போனதுதான். இன்றைக்கும் அவ ஒரு பக்கத்தால்தான் சப்புகிறா.

சொத்தைப் பல் பெரும்பாலும் இந்தப் பல்லுத்தான் என்று காட்டித் தரும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் விறுக்கென்று பிடிக்கும், தட்டினால் நோகும், எக்ஸ்ரேயில் தெரியும். தசை நோவு அப்படி அல்ல. ஒரு வரிசை முழுக்க உளையும், இன்றைக்கு மேலே நாளைக்குக் கீழே என்று இடம் மாறும், விடியக் கூடி மதியம் குறையும். எந்தப் பல் என்று உறுதியாகத் தெரியாமல் பிடுங்கவோ வேர்ச் சிகிச்சை செய்யவோ சம்மதிக்காதீர்கள். இன்னொருவரிடம் காட்டிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஏன் எனக்கு மட்டும் வருது? யோசினை கூடினால் வருமோ?

மனஅழுத்தம் பெரிய காரணம்தான். ஆனால் ஒரே காரணம் அல்ல. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் சாத்தியம் கூட. பின்னேரத்துக்குப் பிறகு குடிக்கும் கடும் கோப்பி, சிகரெட், மதுபானம் ஆகியவை நித்திரையைக் குழப்பி நெருமுவதைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்ஸெட்டீன், செர்ட்ராலின் போன்ற சில குளிசைகளும் சிலருக்கு இதைத் தொடக்கி விடலாம். குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். இரண்டையும் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் நான் காண்கிற இன்னொன்று, துண்டு துண்டாகிப் போன நித்திரை. கனடாவில் உள்ள பிள்ளையோடு கதைக்க இரவு பன்னிரண்டு மணி வரை முழித்திருந்து, நாலரைக்குக் கோயில் மணியோடு எழும்பும் தாய்மார் எத்தனை பேர். பிள்ளையோடு கதைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இங்கே விடிய ஆறு ஏழு மணிக்கு அங்கே முதல்நாள் இரவுதான். பிள்ளையும் வேலை முடிந்து வீட்டில் இருக்கும்.

சின்னவன் இரவிலை நறநற எண்டு நெருமுறான். வயித்திலை பூச்சியோ டொக்டர்?

பேரன்மார் பேத்திமாரைக் கூட்டி வரும் அம்மம்மாக்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பூச்சியால்தான் பல் நெருமுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி மருந்தைக் குடும்ப நல உத்தியோகத்தரோ வைத்தியரோ சொன்ன ஒழுங்கில் கொடுங்கள், அது வேறு நன்மைக்கு. நெருமுவது நிற்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளில் இது வளர்ந்தவர்களைவிடக் கூட. பெரும்பாலான பிள்ளைகளுக்கு பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து வரும் காலத்தோடு தானாகக் குறைந்துவிடும். தாடை வளர்கிற வயது என்பதால், பல்லுத் தேயாமல் இரவில் போடும் கவசமும் போடுவதில்லை. ஆனால் பிள்ளை குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, பகலில் தூங்கி விழுகிறதா என்று பாருங்கள். இருந்தால் தொண்டைச் சதை வளர்ச்சிக்காகக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பில் இருக்கும் பிள்ளை என்றால், படுக்க முன்னம் ஒரு மணித்தியாலமாவது புத்தகத்தை மூடி வையுங்கள்.

நான் பகலிலை பல்லுக் கடிக்கிறேல்லை. பேந்து ஏன் பின்னேரத்திலை தாடை நோகுது?

இதை வாசிக்கும் இந்த நிமிடத்தில் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டு இருக்கின்றனவா? பலர் இப்போது வாயைத் தளர்த்தியிருப்பீர்கள். வாய் சும்மா இருக்கும்போது பல்லுத் தொடக் கூடாது. இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. சப்புவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளில் பல்லோடு பல் தொடும் நேரம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். மெல்லத் தொட்டபடி மணிக்கணக்காக இருந்தாலும் தசைக்கு ஓய்வு இல்லை.

உதடு மூடியிருக்கட்டும், பல்லு விலகியிருக்கட்டும், நாக்கு மேல் அண்ணத்தில் தொங்காமல் ஒட்டியிருக்கட்டும். எந்த இடம் என்று தெரியாவிட்டால் "மன்" என்று சொல்லி "ன்"னில் நிறுத்துங்கள். நாக்கு நுனி நிற்கும் இடம் அதுதான். அங்கே நாக்கு இருக்கும்போது பல்லைக் கடிக்க மனம் வராது.

பகலில் எப்போது கடிக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. என் அம்மா கடித்தது தேங்காய் துருவும்போது. துருவலையில் குந்தியதும் வாய் இறுகிவிடும். ஒருவர் மோட்டார் சைக்கிளில் குழி விழுந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போதெல்லாம் கடிப்பார். இன்னொருவர் தையல்காரி, நூலைப் பல்லால் அறுத்து, ஊசியைப் பல்லில் பிடிப்பவர். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கும்போது கடிக்கிறவர்கள் கணக்கே இல்லை. உங்கள் இடத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். துருவலையில் சின்ன நூல், கண்ணாடியில் ஒரு பொட்டு, தொலைபேசியில் மணிக்கொரு தடவை மெல்லிய ஒலி. கண்டதும் பல்லை விலக்கி, தோளைக் கீழே விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடையாளம் இல்லாமலே வந்துவிடும். நான் கொடுக்கும் வைத்தியத்தில் காசு செலவில்லாததும், எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளதும் இதுதான்.

வீட்டிலை என்ன செய்யலாம்? எண்ணெய் பூசலாமோ?

பூசலாம். இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தொட்டு, கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் விரல் நுனியால் மெல்ல வட்டமாக ஐந்து நிமிடம் உருவுங்கள். அதைவிடச் சுகம் தருவது ஒத்தடம். ஒரு சீலைத் துண்டில் உப்பையோ அரிசியையோ கட்டித் தாச்சியில் சூடாக்கி, முதலில் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் பிடியுங்கள். படுக்க முன்னம் செய்தால் நல்லது. சலரோகம் இருந்து தோல் மரத்துப் போனவர்கள் சூட்டில் கவனமாக இருக்க வேண்டும்.

கொட்டாவி வரும்போது நாடிக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள், வாய் அகலத் திறக்காது. நாடியைக் கையில் ஊன்றிக்கொண்டு இருப்பதையும், குப்புறப் படுப்பதையும் விடுங்கள். இப்படியே ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான தசை நோவு சில வாரங்களில் தணியும்.

புழுக்கொடியல், கச்சான் எல்லாத்தையும் விடோணுமோ?

நோவு கூடியிருக்கும் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். புழுக்கொடியலைக் கடித்து இழுப்பது நொந்த மூட்டுக்குச் சுமை. விருப்பம் என்றால் இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவோடு சாப்பிடலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கச்சான் பை கையில் இருந்தால் ஓயாமல் வாய் அசைந்துகொண்டே இருக்கும், அதுதான் பிரச்சினை. சூயிங்கம் வேண்டவே வேண்டாம். புட்டு, இடியப்பம் சொதி, கூழ் என்று எங்கள் வீட்டில் மெதுவான சாப்பாட்டுக்கு என்ன குறை? நோவு போன பிறகு எல்லாவற்றையும் அளவோடு சாப்பிடலாம்.

நான் வெத்திலை போடுறனான். அதாலையோ வாய் இறுகுது?

இருக்கலாம், இது வேறு விஷயம். பாக்கை வருடக்கணக்காகக் கொடுப்பில் அதக்குவதால் கன்னத்தின் உட்தோல் நார்போல இறுகி, வாய் திறக்கும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உறைப்புப் பட்டால் எரியும். பின்னர் புற்றுநோயாக மாறும் ஆபத்தும் உண்டு. உங்கள் மூன்று விரலை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து முன்பல்லுக்கிடையில் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பல் நெருமுவது என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள், வாயைக் காட்டுங்கள். வெற்றிலை பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பனடோல் போட்டால் நிக்குது. நெடுகப் போடலாமோ?

சில நாளுக்குப் போடலாம். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால் அந்தக் குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கிவிடும்.

இபுபுரோஃபன் தசை நோவுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், இதய வருத்தம், தொய்வு உள்ளவர்களுக்குச் சரிவராது. மாரி காலத்தில் இன்னொரு எச்சரிக்கை: தலையிடியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பனடோலைத் தவிர வேறு நோவுக் குளிசை எதுவும் தொடாதீர்கள்.

நைட் கார்ட் போட்டால் நெருமுறது நிண்டிடுமோ?

நிற்காது. பலர் இதை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். அது கவசம். பல்லுத் தேயாமல், வெடிக்காமல் காக்கும், சிலருக்கு நோவும் குறையும். ஒரு வருடம் பாவித்த கவசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கீறலும் பள்ளமும் தெரியும். "பழுதாய்ப் போச்சே" என்று கவலைப்படுவார்கள். அந்தப் பள்ளம் எல்லாம் உங்கள் பல்லில் விழுந்திருக்க வேண்டியது.

அச்சு எடுத்து, எல்லாப் பல்லையும் மூடும்படி செய்த கடினமான அக்ரிலிக் கவசமே நல்லது. இணையத்தில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெதுவானவை சரியாகப் பொருந்துவதில்லை, சிலருக்கு ரப்பரைச் சப்புவது போல நெருமுவது கூடுகிறது. முன்பல்லை மட்டும் மூடும் சிறியவற்றை நெடுநாள் போட்டால் கடி மாறிப் போகலாம். விடிய எழும்பியதும் குளிர்ந்த தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் கழுவி, உலர வையுங்கள். சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும்.

மேடான பல்லை ராவிவிட்டால், இல்லாட்டி கிளிப் போட்டால் சரிவருமோ?

பல்லு வரிசை கோணலாக இருப்பதால்தான் நெருமுகிறார்கள் என்று முந்திய காலத்தில் நம்பினார்கள். இப்போது அப்படிக் கருதுவதில்லை. ராவிய பல் திரும்பி வளராது. புதிதாக அடைத்த பல் மேடாகத் தட்டுப்பட்டால் அதை மட்டும் மட்டமாக்குவது வேறு. கிளிப்பை வரிசைக்காகப் போடுங்கள், நெருமுவதற்காகப் போடாதீர்கள்.

வாயைத் திறக்கேக்கை "டிக்" எண்டு சத்தம் கேக்குது. எலும்பு தேயுதோ?

மூட்டுக்குள் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் விலகி, வாய் திறக்கும்போது திரும்பித் தன் இடத்தில் விழும் சத்தம்தான் அது. நோவு இல்லை, வாய் முழுதாகத் திறக்கிறது என்றால் விட்டுவிடலாம். சத்தம் வருகிறதா என்று நாளுக்கு நூறு தடவை திறந்து பார்ப்பதுதான் கெடுதல்.

சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போனால் தட்டு விலகியபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம். பிந்தாமல் வாருங்கள். கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே பூட்டிக்கொண்டால் வீட்டில் யாரையும் அழுத்த விடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கையாலேயே இருத்திவிடுவார்கள்.

பொட்டொக்ஸ் ஊசி போட்டால் ஒரேயடியாய்ச் சுகமாம், கொழும்பிலை போடுறாங்களாம்?

ஒரேயடியாக அல்ல. தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு மாதத்தில் விட்டுப்போகும். சப்பும் பலம் குறையலாம், சிலருக்குச் சிரிப்பு கோணலாம். மேலே சொன்ன எதற்கும் கேட்காத கடும் நோவுக்கு, நிபுணர் ஒருவர் யோசித்துப் போடுவது என்றால் சரி. முதல் வைத்தியமாக அதைத் தேடிப் போகாதீர்கள்.

இவர் நெருமுறதோடை குறட்டையும். இடையிலை மூச்சு நிண்டு நிண்டு வருது, எனக்குப் பயமாய்க் கிடக்கு.

பயப்படுவது நியாயம். நித்திரையில் மூச்சுத் தடைப்படும் வருத்தமாக இருக்கலாம். விடியத் தலையிடி, பகலில் தூங்கி விழுதல், கூடிய இரத்த அழுத்தம் எல்லாம் அதோடு வரும். இவருக்குக் கவசம் மட்டும் செய்து கொடுத்தால் போதாது, சில கவசங்கள் மூச்சுத் தடையைக் கூட்டவும் கூடும். முதலில் பொது வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

மனச்சோர்வுக் குளிசையாலை எண்டால் அதை நிப்பாட்டட்டோ?

வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம் வரும், பழைய வருத்தமும் திரும்பலாம். பல்லைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இருக்கிறது. குளிசை தொடங்கிய பிறகுதான் நெருமுவது வந்தது என்று உங்கள் மனநல வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவருக்குத் தெரியும்.

எப்ப பல் டொக்டரை விட்டிட்டு உடனை ஆஸ்பத்திரிக்கு ஓடோணும்?

நடக்கும்போது, படி ஏறும்போது தாடை நோவு வந்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் நோவு, தலை சீவும்போது தோல் நோவு, சாப்பிடச் சாப்பிடத் தாடை களைத்து நோவது, பார்வை மங்குவது என்றால் அன்றைக்கே போக வேண்டும், பிந்தினால் கண் பார்வை போகலாம். வாழ்நாளில் இல்லாத தலையிடி திடீரென்று இடி விழுந்தது போல வருவது, கை கால் வழங்காமல் போவது, வாய் கோணுவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். தோட்டத்தில் காலில் வெட்டுப்பட்டுச் சில நாளில் தாடை இறுகினால் ஏற்பு நோயை நினைக்க வேண்டும்.

கவர்மென்ற் ஆஸ்பத்திரியிலை காட்டலாமோ? வரேக்கை என்ன கொண்டு வரோணும்?

தாராளமாகக் காட்டலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் பல் சிகிச்சைப் பிரிவு உண்டு. தேவையானால் அங்கிருந்து நிபுணருக்கு அனுப்புவார்கள்.

எடுக்கிற குளிசைகளின் மட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும், பாவிக்கிற கவசத்தையும் கொண்டு வாருங்கள். ஒரு வாரத்துக்கு விடிய எப்படி நொந்தது, பின்னேரம் எப்படி நொந்தது என்று கொப்பியில் இரண்டு வரி எழுதி வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம், இரவில் சத்தத்தைக் கேட்டவரையும் கூட்டி வாருங்கள்.